கோதுமைக் கஞ்சியும் என் மகளும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. எங்க ஊக்குநர் அக்காதான் "உன் கதையைச் சொல்லு, யாருக்காவது உதவும்"னு இழுத்து வந்துட்டாங்க.

என் சின்ன மகளுக்கு இப்போ நாலு வயசு. ஏழாம் மாசத்தில் தாய்ப்பாலோடு கோதுமை ரவைக் கஞ்சி கொடுக்க ஆரம்பிச்சேன். பிறகு பிஸ்கட், ரஸ்க். ஒரு வயசு தாண்டியதும் பேதி. நின்ன மாதிரி இருக்கும், திரும்ப வரும். வயிறு பானை மாதிரி, கை கால் குச்சி மாதிரி. அங்கன்வாடியில் எடை போட்டால் மாசா மாசம் அதே இடம். சீர் தட்டிடுச்சுன்னு கயிறு கட்டினோம். பூச்சி மருந்து, டானிக் எல்லாம் கொடுத்தோம். என் அத்தை, "பால் கொடுக்குறப்பவே கோதுமையை ஊத்தினே, குடல் கெட்டுப்போச்சு"ன்னாங்க. அவங்க சொன்னதை விட, அது உண்மையா இருக்குமோன்னு ராத்திரியில் நானே நினைச்சதுதான் பெரிய வேதனை.

தெரிந்தவர் ஒருத்தர் கோதுமையை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன், பிள்ளை தேறினாள். இரண்டு மாசம் கழிச்சு பெரிய டாக்டரிடம் போனால் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் காட்டவில்லை. "சோதனைக்கு முன்னாடி ஏம்மா நிறுத்தினே? கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருந்தால்தான் சோதனையில் தெரியும்"னார். திரும்ப ஆறு வாரம் தினமும் சப்பாத்தி கொடுக்கச் சொன்னார். பேதி வரும்னு தெரிஞ்சே பெத்த பிள்ளைக்கு ஊட்டினேன். அந்த ஆறு வாரத்தை நான் மறக்க மாட்டேன். பிறகு ரத்தத்தில் தெரிந்தது. குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்தும் பார்த்தார்கள். அந்தச் செலவுக்கு நம்ம குழுவில்தான் உள்கடன் வாங்கினேன்.

நோயின் பேர் சீலியாக். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற சத்து உடம்புக்கு ஆகாமல், உடம்பே தன் சிறுகுடலை அரித்துவிடுகிறது. சாப்பிடுவது ஒட்டாது. டெல்லிப் பக்கம் நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருக்காம். நம்ம தெற்கில் ரொம்பக் குறைவு, அதனால யாருக்கும் சந்தேகமே வரலை.

நான் கொடுத்த கஞ்சியால் வந்ததான்னு கேட்டேன். டாக்டர் உட்கார வெச்சுச் சொன்னார். சுவீடன் நாட்டில் 1980களின் நடுவில் சின்னப் பிள்ளைகளுக்கு இது திடீர்னு பெருகிச்சாம். அப்போதிலிருந்து, எந்த மாசத்தில் கோதுமை கொடுத்தால் நல்லதுன்னு ஆராய்ந்தார்கள். இந்த நோய் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளை வெச்சு இத்தாலியில் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2014-ல் வந்தது. ஆறு மாசத்தில் கொடுத்தவர்களுக்கும் ஒரு வயசு வரை தள்ளிப் போட்டவர்களுக்கும், ஐந்து வயசில் பார்த்தால் வித்தியாசம் இல்லை. தாய்ப்பால் கொடுத்ததாலும் இந்த நோயைத் தடுக்க முடியலை. வித்து பரம்பரையில் இருக்கிறது, அம்மா கையில் இல்லை. (தாய்ப்பாலை நிறுத்தச் சொல்றேன்னு நினைக்காதீங்க. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான், அதில் மாற்றம் இல்லை.) அதை அத்தை முன்னாலேயே திரும்பச் சொல்லச் சொன்னேன். அதுக்கப்புறம் அவங்க அந்தப் பேச்சையே எடுக்கலை.

மருந்து கிடையாது, ஆயுசுக்கும் சாப்பாடுதான் மருந்து. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, தினை எல்லாம் சாப்பிடலாம். ரவை, மைதா, சேமியா, பரோட்டா கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில் கூட மாவு கலந்திருக்கும், பொட்டலத்தைப் படிச்சுப் பார்க்கணும். சத்துமாவிலும் கோதுமை இருக்கு. மில்லில் கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகு அரைச்சால் கலந்திடும். அதனால காலையில் முதல் ஆளாப் போய், ஒரு படி அரிசி அரைச்சு ஒதுக்கிட்டு, அப்புறம் எங்க மாவை அரைக்கிறேன். மில்காரர் முதலில் முறைச்சார், இப்போ அவரே கூப்பிடுறார்.

பெரியவனுக்கும் சோதனை செய்தோம், அவனுக்கு இல்லை. உங்க வீட்டில் எடை ஏறாத, பேதி நிற்காத பிள்ளை இருந்தால், கோதுமையை நீங்களா நிறுத்தாமல் முதலில் டாக்டரிடம் இந்தச் சோதனையைக் கேளுங்க.

உள்கடனில் இன்னும் ரெண்டு தவணை பாக்கி இருக்கு. போன மாசம் மகளின் எடை 14 கிலோ.