பன்னிரண்டு வோல்ட்டின் தழும்பு

என் மோதிர விரலைச் சுற்றி ஒரு தழும்பு உண்டு. அதைத் தந்தது வெறும் 12 வோல்ட். கார் பாட்டரியைக் கழற்றும்போது, பொன்மோதிரம் ஸ்பானருக்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் இடையே சிக்கிற்று. கணப்பொழுதில் பழுக்கக் காய்ந்துவிட்டது. உலர்ந்த தலையை வாரிய சீப்பிலோ பல்லாயிரம் வோல்ட் இருக்கும். அது காகிதத் துணுக்கைத் தூக்குவதோடு சரி. இது என்ன விந்தை?

நீலகிரியில் 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தை நினைத்துப் பாருங்கள். 900 மீட்டருக்கு மேல் தண்ணீரைக் குழாய்வழி இறக்கிச் சக்கரங்களைச் சுழற்ற அமைத்தது அது. வோல்ட் என்பது அந்த உயரத்தைப் போன்றது. உயரம் இருந்தும், விழுவது ஒரு சொட்டானால் சக்கரம் அசையுமா? ஒரு கூலும் மின்னூட்டம் ஒரு வோல்ட் இறங்கினால் கிடைப்பது ஒரு ஜூல் ஆற்றல். சீப்பில் இருப்பது ஒரு கூலுமில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்குதான். பாட்டரியோ நொடிக்கு நூற்றுக்கணக்கான கூலும்களைப் பாய்ச்ச வல்லது. என் விரல் அறிந்த பாடம் அது!

மின்கட்டணச் சீட்டில் காணும் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். வழியில் வீணாவதைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், அதற்காக 900 மீட்டர் உயரத்திலிருந்து 400 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கியாக வேண்டும். நம் வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ட்டுக்கோ உயரமும் உண்டு. பின்னால் ஓர் ஏரியே உண்டு.