அடகு வைக்காத கருத்து



பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சிறு நகரங்களில் இதழ் நடத்துவோர் பெரும்பாலும் கடனிலேயே உழன்றனர். சந்தாதாரர் பலர் பணம் செலுத்துவதில்லை. ஆதலால் கட்சிகளின் நிழலில் ஒதுங்கினர். கட்சி அச்சு வேலையும் பொருளும் தந்தது. இதழ் ஆதரவுத் தலையங்கம் தந்தது.

அடிமையாய்ப் பிறந்த பிரடெரிக் டக்ளஸ் 1847-இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் ‘நார்த் ஸ்டார்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஆண்டுச் சந்தா 2 டாலர். வரவு போதாமையால் தம் வீட்டையே அடமானம் வைத்தார். 1851-இல் கெரிட் சுமித் என்னும் செல்வர் பொருளுதவி புரிய, அவர் ஆதரித்த கட்சியின் இதழோடு இவ்விதழ் இணைந்தது. அரசியலமைப்பு பற்றிய தம் கருத்தையும் டக்ளஸ் அவ்வாண்டே மாற்றிக்கொண்டார். விலைபோனார் என்று பழைய தோழர் சிலர் தூற்றினர்.

1856-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் சுமித்தே ஒரு வேட்பாளர். டக்ளஸ் முதலில் அவரை ஆதரித்தார். ஆயினும் அடிமை முறை பரவாமல் தடுக்க வலிமை வாய்ந்த அணி வேண்டுமெனக் கருதி, ஆகஸ்டு மாதத்தில் குடியரசுக் கட்சியின் ஃப்ரிமான்ட்டை வெளிப்படையாக ஆதரித்து எழுதினார்.

இளைஞர்களே, நம் கழகமும் நன்கொடையால் வளர்ந்ததே. கொடுத்தவர்க்கு நன்றி செலுத்துங்கள். கணக்கை யாவர்க்கும் காட்டுங்கள். வீட்டை அடகு வைத்தவர் கருத்தை அடகு வைக்கவில்லை என்பதை மறவாதீர்கள்.