தெருப் பேச்சும் நம் பொறுப்பும்

(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சைவ இளைஞர் கூடிய சபையிலே தேவாரத்தைப் பற்றிப் பேசாது, தெருப் பேச்சைப் பற்றிப் பேச வந்தேனே என்று சிலர் வியப்படையலாம். ஆனால், நாவைக் காப்பதும் அறத்தின் ஒரு கூறன்றோ? நாளொன்றுக்கு நாம் திருமுறை ஓதும் நேரம் எவ்வளவு? "பேய்க்காட்டாதே", "விசர்க் கதை கதையாதே" என்று சொல்லும் நேரம் எவ்வளவு? கணக்குப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும்.

இப்படியான வழக்குகள் இளைஞரால் வந்த கேடு என்று பெரியோர் சிலர் மனம் வருந்துவர். அவ்வளவு வருந்த வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் தமது நன்னூலிலே 'குழூஉக்குறி' என்று இதற்கு ஓர் இடமே ஒதுக்கியிருக்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். கள்ளைச் 'சொல்விளம்பி' என்பாரும் உளர் என்று உதாரணம் காட்டுவர். உள்ளே கிடப்பதையெல்லாம் வெளியே சொல்ல வைப்பது கள்ளென்றால், அந்தப் பெயரில்தான் எத்துணை நகைச்சுவை!

மேலும், நம்முடையது துறைமுகப் பட்டினம். கப்பல்கள் சரக்கை மட்டுமா இறக்கின? ஈழத்துக் கரைகளிலே சொல்லையும் இறக்கின. பாண், சப்பாத்து, அலுமாரி, தவறணை என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தர் கொடை. ஆங்கிலேயர் 1957இல் இத்துறைமுகத்துக் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். 'ஓகே' என்ற சொல்லோ நம்மோடு தங்கிவிட்டது. அச்சொல்லின் பிறப்பும் வேடிக்கையானதே. 1839இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பத்திரிகையொன்று, 'எல்லாம் சரி' என்னும் ஆங்கிலத் தொடரைப் பகிடிக்காகப் பிழையாக எழுத்துக் கூட்டி, அதன் முதலெழுத்துக்களை அச்சிட்டது. அந்தப் பகிடி இன்று உலகத்தையே வலம் வருகிறது.

எல்லாப் பேச்சுக்கும் அவ்வளவு ஆயுள் இல்லை. இலண்டன் மாநகரிலே ஒரு காலத்தில் 'குவொஸ்' என்ற சொல் எவர் வாயிலும் அடிபட்டதாகச் சார்ள்ஸ் மக்கே என்பவர் 1841இல் வெளியிட்ட நூலிலே எழுதினார். நம்பாதவனும் 'குவொஸ்' என்றான். மறுமொழி சொல்ல விரும்பாதவனும் 'குவொஸ்' என்றான். சில காலத்தில் அது மறைந்தே போயிற்று. ஆகவே, புதுச்சொல் ஒன்றைக் கேட்டதும் தமிழ் அழிந்தது என்று நடுங்க வேண்டாம்.

நம்மவர் சொற்களைப் பாருங்கள். இல்லாத பேயைக் காட்டி மிரட்டுவது போல ஏமாற்றுவது 'பேய்க்காட்டுதல்'. சுற்று, மாற்று என்ற இரண்டு நல்ல சொற்கள் கைகோத்தால் 'சுத்துமாத்து' என்னும் மோசடி பிறக்கிறது. இவற்றிலே கற்பனை உண்டு. கேட்பவனுக்கு எச்சரிக்கையும் உண்டு. இவை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் வேறொரு வகை உண்டு. பிள்ளை சிறு குறும்பு செய்தால் "கோதாரி" என்று ஏசுகிறோம். கோதாரி என்பது வாந்திபேதிக் கொள்ளைநோய். வீடு வீடாகப் பிணம் எடுத்த நோயின் பெயரைப் பெற்ற பிள்ளையின் தலையில் போடுகிறோம்! 'விசர்' என்பதும் அவ்வாறே. கூட்டாளி ஒரு கருத்தைச் சொன்னால், "உனக்கு விசர், அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்" என்கிறோம். அங்கொடை கொழும்புக்கு அருகே உள்ள ஊர். அங்குள்ள மனநோய் மருத்துவமனை இன்று தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் பெற்றுள்ளது. ஆயினும் ஊர்ப்பெயர் வசையாகவே நிற்கிறது. சென்னைத் தமிழரிடம் கீழ்ப்பாக்கமும் இவ்வாறே ஆயிற்று. 1247இல் தொடங்கிய இலண்டன் பெத்லெம் மருத்துவமனையின் பெயர் 'பெட்லம்' என மருவி, ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்துக்கே பெயராயிற்று.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். மனம் நொந்த ஒரு தம்பியோ தங்கையோ உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அவர்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்லத் தாய் நினைக்கிறாள். வாசலைத் தாண்டுமுன் அயலாரின் அந்த ஒரு சொல் அவள் காதில் ஒலிக்கிறது. காலைப் பின்னே வைத்துக் கதவை மூடிக்கொள்கிறாள். மருந்தால் தணியக்கூடிய நோய் இருட்டறையில் முற்றுகிறது. அந்தக் கதவை மூடியது யார்? பகிடி என்று நினைத்துப் பேசிய நாமல்லவா?

இளைஞர்களே! பகிடி பேசுங்கள், புதுச்சொல் படையுங்கள், மொழி உங்களால் வளரட்டும். ஆனால் வாயைத் திறக்குமுன் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள்: இந்தச் சொல்லைக் கேட்டு, நோயுற்றவனும் நம்மோடு சேர்ந்து சிரிப்பானா? சிரிப்பானாயின் தாராளமாகச் சொல்லுங்கள். இல்லையேல் அதை விழுங்கிவிடுங்கள்.