மானம் போகும்னு மறைத்தால் கடன்தான் வளரும்

(குற்றாலத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



குடியைப் பற்றி நம் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். குடித்தால் வாடை காட்டிக் கொடுத்துவிடும். சூதாட்டத்துக்கு வாடை கிடையாது. வீட்டுக்காரர் செல்போனைப் பார்த்தபடி சும்மாதான் உட்கார்ந்திருப்பார். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடை செய்யப்பட்டது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா. அங்கே 1967 முதல் அரசே லாட்டரி நடத்துகிறது. அந்தக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்து நம் பக்கத்தில் திருட்டுத்தனமாக 'மூணு நம்பர்' நடக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். விழுவது ஒன்றுதான். தினம் 100 ரூபாய் கட்டினால் மாதம் 3,000. நாம் குழுவில் மாதம் எவ்வளவு சேமிக்கிறோம்?

பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நல்லதுதான். ஆனால் சட்டம் வந்ததும் பழக்கம் போய்விடாது.

மதம் தடுக்காதா என்று கேட்பீர்கள். திருக்குறளில் சூது என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. குர்ஆன் மதுவையும் சூதாட்டத்தையும் சேர்த்தே விலக்கச் சொல்கிறது. யூதர்களின் பழைய சட்டநூலான மிஷ்னா, சூதாடி சாட்சி சொல்லவே தகுதியில்லாதவன் என்கிறது. ஆனால் பாவம் என்று சொல்லச் சொல்ல, ஆட்டத்தை விடுவதற்குப் பதில் மறைக்கத்தான் செய்கிறார்கள். பக்தியான குடும்பம், கட்டுப்பாடான ஊர், சுற்றிலும் சொந்தக்காரர்கள் என்றால் இன்னும் ஆழமாக மறைப்பார்கள். "வெளியே தெரிஞ்சா பொண்ணுக்கு வரன் வருமா?" என்ற பயம் நம் ஊரில் மட்டுமல்ல, வெளிநாட்டில் கட்டுப்பாடாக வாழும் யூதக் குடும்பங்களிலும் உண்டு.

அந்தப் பயத்தில் நாம் என்ன செய்கிறோம்? நகையை அடகு வைக்கிறோம். ஆடு வாங்க என்று சொல்லி குழுவில் கடன் எடுத்து, அவர் கடனை அடைக்கிறோம். அவருக்குப் பாரம் இறங்கிவிடும். விட்டதைப் பிடிக்கலாம் என்று மறுபடி ஆடுவார். நம் தவணை நிற்கும். உத்தரவாதம் நின்ற மற்ற சகோதரிகளும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள்.

இது வெறும் கெட்ட புத்தி இல்லை, நோய். உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனால் திட்டினாலும், சாமி மேல் சத்தியம் வாங்கினாலும் மட்டும் தீராது. சிகிச்சை வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது மூன்று.

1. அவர் கடனை ரகசியமாக அடைக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு என்று முழுக் கணக்கையும் அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. ஏ.டி.எம். கார்டு, பாஸ்புக், நகை உங்கள் கையில் இருக்கட்டும். ரகசிய எண்ணை மாற்றுங்கள்.

3. நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேளுங்கள். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எப்போதும் பேசலாம், கட்டணம் கிடையாது. "செத்துப் போறேன்" என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள், உடனே கூப்பிடுங்கள்.

குழுவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு சகோதரி வாய் திறந்தால், அந்தப் பேச்சு குழுவைத் தாண்டி டீக்கடைக்குப் போகக் கூடாது. போய்விட்டால் அடுத்தவள் வாயே திறக்க மாட்டாள். இதை இந்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.