எட்டு நாள் விருந்தினர்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



என்னைப் பேச அழைத்த செயலாளர், விடுதிக் காலத்துக் கதைகள் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கையும், மேற்றன் அம்மாவின் மணியையும், சுவருக்கு மேலால் வந்த மாங்காயையும் பற்றிப் பேச இங்கே என்னைவிடக் கெட்டிக்காரிகள் பலர் இருக்கிறார்கள். நான் வேறொன்றைப் பேச எண்ணுகிறேன்.

நமது வெளிநாட்டுக் கிளைகள் ஒரு யோசனையை அனுப்பியிருக்கின்றன. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நம் பேரப்பிள்ளைகளைக் குழுவாக இங்கே அனுப்பி, இரண்டு கிழமை ஊழியம் செய்ய வைக்கலாம் என்பதே அது. நல்ல யோசனை. நான் அதை எதிர்க்க வரவில்லை. ஆனால் அப்படியொரு பயணத்தில் நானும் போனவள். போய் வந்து பத்து வருடங்களுக்கு மேலாகியும் ஒரு காரியம் என் மனதை விட்டுப் போகவில்லை. அதைச் சொன்னால் உங்களுக்கு உதவலாம்.

2014ஆம் ஆண்டு மார்ச் விடுமுறையில், ரொறன்ரோவில் எங்கள் திருச்சபையிலிருந்து பதினான்கு மாணவர்கள் டொமினிக்கன் குடியரசுக்குப் போனார்கள். எல்லோரும் பதினேழு முதல் இருபது வயதுக்குட்பட்டவர்கள். என் பேத்தியும் அதில் ஒருத்தி. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் கூட வந்தால் பெற்றோருக்கு நிம்மதி என்று சொல்லி என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எட்டு நாள். ஒரு பாடசாலைக் கட்டடத்துக்குப் பெயின்ற் அடிப்பது, பின்னேரங்களில் சிறுவர்களுக்கு வேதாகமக் கதையும் பாட்டும் விளையாட்டும் நடத்துவது. இவைதான் வேலைத்திட்டம். பயணத்துக்குப் பணம் சேர்க்கப் பிள்ளைகள் கார் கழுவினார்கள். தாய்மார் றோல்ஸும் பற்றிஸும் செய்து விற்றார்கள்.

நாங்கள் போன இடம் சான் பெத்ரோ டி மக்கோரீஸ் என்ற நகருக்கு வெளியே, கரும்புத் தோட்டத்தின் நடுவே இருந்தது. கரும்பு வெட்டுவதற்கு ஹெயிட்டியிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்காகக் கட்டிய குடியிருப்பு. அதை அங்கே ‘பத்தேய்’ என்கிறார்கள். நீளமான ஒரு கட்டடம். அறை அறையாகப் பிரித்திருந்தது. அறைக்கு ஒரு குடும்பம். பொதுவான ஒரு தண்ணீர்க் குழாய். வானிலிருந்து இறங்கியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். பேத்தி, “என்ன அம்மம்மா?” என்று கேட்டாள். “இது லயம் பிள்ளை” என்றேன். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது.

எனக்கு அது நன்றாகத் தெரியும். இந்தக் கல்லூரியை விட்டுப் பயிற்சி முடித்தபின், 1971இல் எனது முதல் நியமனம் ஹற்றனுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு. அங்கே நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. கரும்பலகையில் நான் எழுதி முடிக்கு முன்பே விடையைச் சொல்லிவிடுவாள்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது உங்களுக்குத் தெரியும். 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்தக் கணக்கில் என் மாணவியின் குடும்பம் இந்தியப் பக்கம் விழுந்தது. தவணை நடுவில் ஒருநாள் தகப்பனோடு வந்து, “டீச்சர், நாங்க நாளைக்கு ரயிலு ஏறுறோம். இத நீங்களே வச்சிக்கங்க” என்று தன் கணக்குக் கொப்பியைத் தந்தாள். தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள் என்று கேள்வி. “போனதும் எழுது, நானும் எழுதுறேன்” என்று சொன்னேன். கடிதம் வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை. அடுத்த வருடம் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைத்து வந்துவிட்டேன்.

இனிப் பத்தேய்க்கு வருவோம். இரண்டாம் நாள் பெயின்ற் வேலை தொடங்கியது. பழைய பெயின்ற்றைச் சுரண்டிக்கொண்டிருந்த என் பேத்தி என்னைக் கூப்பிட்டாள். “அம்மம்மா, இஞ்சை பாருங்கோ.” கதவுநிலையில் நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே வெள்ளை, எல்லாமே புதிதாக இருந்தன. அந்தச் சபையில் சமையல் செய்த அம்மாவிடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு, தை மாதம் வந்த குழு நீலம் அடித்தது, முந்தின வருடம் வந்தவர்கள் பச்சை என்றார். முற்றத்து மரத்துக்குக் கீழே வேலையில்லாத இரண்டு இளைஞர்கள் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மேசன்.

பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றிரவு கூட்டத்தில் ஒரு பையன், எங்கள் விமானக் காசை அனுப்பியிருந்தால் அந்த மேசனுக்கு ஒரு வருட வேலை கொடுத்திருக்கலாமே என்றான். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அடுத்த நாள் அதையே சமையல் அம்மாவிடம் கேட்டோம். அவர் சொன்னதை மொழிபெயர்த்தவர் இப்படிச் சொன்னார்: “சுவர் உங்களுக்காகத்தான். உங்கள் கைக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் நீங்கள் இங்கே இருப்பீர்கள். இருந்தால்தான் எங்களைக் கேட்பீர்கள். காசு அனுப்புகிறவர்கள் எங்களைப் பார்த்ததில்லை.”

அதற்குப் பிறகு பிள்ளைகள் தூரிகையை வைத்துவிட்டு, அந்த அம்மாவோடு உட்காரத் தொடங்கினார்கள். அப்போதுதான் அவருடைய மகளைப் பற்றி அறிந்தோம். எட்டாம் வகுப்பு. நாங்கள் நடத்திய பாட்டு வகுப்பில் சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவளே அவள்தான். தாயும் அந்த மண்ணிலேயே பிறந்தவர். பாட்டன் கரும்பு வெட்ட வந்தவர். அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2013 செப்ரெம்பரில் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. 1929 தொடக்கம் அங்கே பிறந்தவர்களானாலும், பிறந்த வேளையில் பெற்றோருக்குச் சட்டபூர்வமான வதிவுரிமை இருக்கவில்லையென்றால் அவர்கள் பிரஜைகள் அல்லர் என்பது தீர்ப்பு. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைத் தர மறுத்துவிட்டார்கள். அப்போது சான்றிதழ் இல்லாவிட்டால் தேசியப் பரீட்சை எழுத முடியாதிருந்தது. பரீட்சை இல்லாவிட்டால் மேலே படிப்பில்லை என்ற நிலை இருந்தது.

நான் என் ஹற்றன் மாணவியின் கதையைச் சொன்னேன். என் தமிழை என் பேத்தி ஆங்கிலத்தில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதை ஸ்பானிய மொழியில் சொன்னார். அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். “அந்தப் பிள்ளை பிறகு என்ன ஆனாள்?”

என்னால் சொல்ல முடியவில்லை. நாற்பத்து மூன்று வருடமாக எனக்கே தெரியாது.

தோழியரே, அன்று முதல் நான் நம் மண்ணுக்கு வந்த மிஷனரிகளை வேறு விதமாக யோசிக்கத் தொடங்கினேன். அதுவும் ஒரு மாணவர் குழுவில் தொடங்கிய கதைதான். 1806இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர், இடிமழைக்கு ஒரு வைக்கோற்போரின் அருகே ஒதுங்கி, ஆசியாவுக்குப் போவது பற்றி ஜெபித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1810இல் அமெரிக்கன் மிஷன் சங்கம் உருவாகி, 1816இல் அதன் ஊழியர்கள் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது.

அந்தப் பாடசாலைக்கு 1840இல் வந்தவர் எலைசா அக்னியூ அம்மையார். ஏறக்குறைய நாற்பது வருடம் கற்பித்தார். ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. தம்மிடம் முதலில் படித்தவர்களின் மகள்மாருக்கும் பேத்திமாருக்கும் அவரே கற்பித்தார். 1883இல் இந்த மண்ணிலேயே கண்மூடினார். ஆயிரம் மகள்மாரின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். 1847இல் வந்த மருத்துவர் கிறீன், தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். தாம் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்பதே அவருடைய எண்ணம்.

அவர்கள் பிழை விடாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. விடுதிக்கு வந்த பிள்ளைகளுக்கு, பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயர்களைச் சூட்டினார்கள். தாய் வைத்த பெயரை மாற்றுவது சின்னக் காரியம் அல்ல. ஆனால் நாங்களும் அந்தப் பத்தேய்ப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்தோம். திரும்பி வந்து சபையில் அந்தப் படங்களைத் திரையில் காட்டினோம். ஒரு படத்தின் கீழும் பெயர் இல்லை. கொடுத்தவர் பெயரைச் சூட்டியவர்களையும் பெயரே கேளாத எங்களையும் வைத்து யார் பெரியவர் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

எல்லோரும் நாற்பது வருடம் இருக்க முடியாது. எட்டு நாள் என்பது குற்றம் அல்ல. இயேசு எழுபது பேரை இரண்டிரண்டாக அனுப்பிய பயணமும் குறுகியதுதான். ஆனால் பணப்பையும் பாதரட்சையும் கொண்டுபோக வேண்டாம், ஒரு வீட்டில் தங்குங்கள், முன்னே வைப்பதைச் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். கொடுக்கிறவர்களாக அல்ல, விருந்தினராகப் போகச் சொன்னார். நாங்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். பெட்டி நிறையச் சாமான் கொண்டுபோய், தனியாகச் சமைத்த சோற்றை உண்டு, போத்தல் தண்ணீர் குடித்து, சுவருக்கு வர்ணம் பூசிவிட்டு வந்தோம்.

புறப்படும் காலையில் அந்தப் பிள்ளை வான் வரைக்கும் வந்தாள். “திரும்பி வருவீங்களா?” என்று கேட்டாள். “வருவோம்” என்று நான் சொன்னேன். ஹற்றனில் சொன்ன அதே தொனியில் சொன்னேன். நான் போகவில்லை. பதினான்கு பேரில் மூன்று பேர் மாத்திரம் அந்தச் சபையோடு தொடர்பை விடாமல் வைத்திருந்தார்கள். என் பேத்தி ஸ்பானிய மொழி படித்தாள். பத்திரம் எடுக்க நகரத்துக்கு அலைகிறவர்களின் பஸ் காசுக்கும் கட்டணங்களுக்கும் மூவரும் மாதா மாதம் கொஞ்சம் அனுப்பினார்கள். அந்தக் காசை யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தச் சமையல் அம்மாவே தீர்மானித்தார். என் பிள்ளைகள் என்னைவிட நல்லவர்களாக வந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் வாக்குக் கொடுத்தவள் நான்.

ஆகவே நம் பேரப்பிள்ளைகள் வரட்டும். மூன்று காரியங்களை மாத்திரம் சங்கம் யோசிக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

முதலாவது, அவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதற்காக ஊராரின் வேலையை எடுத்துவிடாதீர்கள். பெயின்ற் அடிக்க நம் ஊரில் ஆள் இருக்கிறது. இரண்டாவது, அவர்களை ஹோட்டலில் அல்ல, வீடுகளில் தங்க வையுங்கள். சாப்பிட்ட கோப்பையைக் கழுவட்டும். வருவதற்கு முன்னரே கொஞ்சமாவது தமிழ் பேசப் பழகட்டும். மூன்றாவது, போன பிறகு ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தோடாவது தொடர்பு வைத்திருக்கட்டும். படம் எடுத்தால் பெயரையும் கேட்டு எழுதட்டும். “வருவேன்” என்று சொல்ல முடியாவிட்டால், “வரமாட்டேன், ஆனால் எழுதுவேன்” என்று உண்மையைச் சொல்லட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த உரை மலரில் வரும் என்றார்கள். மலர் உலகமெங்கும் போகும். 1972 அளவில் ஹற்றன் பக்கத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் இருக்கிறார்கள். அங்கே இருக்கும் நம் பழைய மாணவி யாராவது இதை வாசித்தால், ரயில் ஏறுவதற்கு முதல்நாள் தன் ரீச்சரிடம் கணக்குக் கொப்பியைக் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண்ணை விசாரித்துப் பாருங்கள். இப்போது அவளுக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். கொப்பி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கடைசிக் கணக்கு இன்னும் திருத்தப்படவில்லை.