பிள்ளை பொய் சொல்லவில்லை

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

நான் ஏ.எல். வரை படித்தவன், இங்கே தொழிற்சாலையில் வேலை. மேடைப்பேச்சு பழக்கமில்லை. வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகளுக்குப் பதினொரு வயது. வகுப்பில் பலகை தெரியவில்லை என்றாள். இரண்டு தரம் கண்ணாடி மாற்றியும் பலனில்லை. ஆனால் ஓடி விளையாடும்போது எங்கும் முட்டுப்படமாட்டாள். "படிக்கப் பஞ்சியில் நடிக்கிறாய்" என்று ஏசினேன். ஒருநாள் அடித்தும் விட்டேன்.

ஆஸ்பத்திரியில் விழித்திரைக்கு மின் பரிசோதனை என்றார்கள். பிள்ளையின் கண்ணுக்குக் கரண்ட் குடுக்கப் போகினம் என்று மனைவி அழுதா. அப்படியில்லை. வெளிச்சம் பட்டால் விழித்திரை தானே மிகச் சிறிய மின்சாரத்தை உண்டாக்கும். கண்ணோரம் மெல்லிய நூல்போன்ற கம்பி வைத்து அதை அளக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி வந்தன. நடுப்பார்வைக்குரிய மக்குலா வேலை செய்தால் அதற்கு ஓர் அலை வரும். மகளுக்கு வரவில்லை. பிறகு கண்ணுக்கு மருந்து விட்டு, 20 நிமிடம் இருட்டில் இருத்தி, வெளிச்சத்தை மின்ன விட்டார்கள். அதற்கு விழித்திரை சரியாகப் பதில் சொன்னது. ஆகவே பழுது நடுவில் மட்டும். எழுத்தும் முகமும் மங்கும், ஓரப்பார்வை இருக்கிறது.

நோயின் பெயர் ஸ்டார்கார்ட். 1909இல் கார்ல் ஸ்டார்கார்ட் என்ற ஜெர்மன் வைத்தியர் இதை விவரித்தார். இதற்குரிய முக்கிய மரபணுவை 1997இல் கண்டுபிடித்தார்கள். தாய் தகப்பன் இருவரிடமும் பழுது மறைந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நான் முடித்தது சொந்த மச்சாளை. சொந்தத்துக்குள் முடித்தால் ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்புக் கூட. இது பாவமுமில்லை, செய்வினையுமில்லை.

ஊரிலிருந்து அம்மா மீனெண்ணெய் குடுக்கச் சொன்னா. இந்த நோய்க்கு விற்றமின் ஏ மாத்திரை, கொட் மீனெண்ணெய் எல்லாம் கூடாது என்று வைத்தியர் தடுத்துவிட்டார். போன பார்வையைத் திருப்பித் தர மருந்தில்லை. ஆனால் பெரிய எழுத்துப் புத்தகமும் உருப்பெருக்கியும் கிடைத்தபின் அவள் திரும்பப் படிக்கிறாள்.

"வெளியில் சொல்லாதேங்கோ, நாளைக்குக் கலியாணம் பேச வேணும்" என்று சொந்தக்காரர் சொல்லுகினம். மகளைக் கேட்டேன். "சொல்லுங்கோ அப்பா" என்றாள். அதனால்தான் இங்கே நிற்கிறேன். அடித்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

உங்கள் பிள்ளை தெரியவில்லை என்றால், முதலில் நம்புங்கள். கண்ணாடியோடு நிறுத்தாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். மொழி தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், கூட வருவேன்.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.