குறியாக்கச் சட்டங்களும் மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளும்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், குடியிருப்பில் வசிக்கும் மென்பொருள் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் சைபர் மோசடி பற்றிப் பேசியபோது, "வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை யார் முதலில் அனுப்பியது என்று அந்தக் கம்பெனியே போலீசுக்குச் சொல்லிவிட்டால் என்ன?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு சார் கேட்டார். நியாயமான கேள்வி. பல நாட்டு அரசுகளும் இதையேதான் கேட்கின்றன. ஆனால் இந்த விவாதத்தில் அரசு ஒரு பக்கம், பெரிய கம்பெனி ஒரு பக்கம் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். அந்த மென்பொருளை எழுதும் ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் நம் பிளாக்குகளில் பல வீடுகளில் இருக்கிறார். இல்லாவிட்டால் சிட்னியிலிருந்தோ லண்டனிலிருந்தோ வாரம் ஒருமுறை வீடியோ காலில் வருகிறார்.

முதலில் குறியாக்கம், அதாவது என்கிரிப்ஷன் என்றால் என்ன? நீங்கள் அனுப்பும் செய்தி உங்கள் போனிலேயே பூட்டப்படுகிறது. பெறுபவரின் போனில்தான் அது திறக்கிறது. நடுவில் சுமந்து போகும் கம்பெனியிடம் சாவி கிடையாது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

2018 டிசம்பர் 6 அன்று, அந்த வருடத்தின் கடைசி அமர்வு நாளில், ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. உதவி மற்றும் அணுகல் சட்டம் என்று தமிழில் சொல்லலாம். அதில் மூன்று படிகள். முதலாவது வேண்டுகோள், விருப்பம் இருந்தால் உதவலாம். இரண்டாவது கட்டாய நோட்டீஸ். உங்களால் ஏற்கெனவே முடிந்ததைச் செய்து தர வேண்டும். மூன்றாவதுதான் கனமானது. இல்லாத வசதியைப் புதிதாக உருவாக்கித் தரும்படி அட்டர்னி ஜெனரல் உத்தரவிடலாம். மறுத்தால் கம்பெனிக்குக் கிட்டத்தட்ட 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், தனிநபருக்குச் சுமார் 50,000 டாலர் என்று 2018இல் சட்டம் வந்தபோது இருந்தது. நோட்டீஸ் வந்ததை அனுமதியில்லாமல் வெளியே சொன்னால் 5 ஆண்டு வரை சிறை.

எல்லோரையும் பாதிக்கும் பலவீனத்தை உண்டாக்கச் சொல்லக் கூடாது என்றும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நம் குடியிருப்பை வைத்து யோசியுங்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே கம்பெனிப் பூட்டு. "மாஸ்டர் சாவி வேண்டாம், இந்த ஒரு வீட்டை மட்டும் திறக்க வழி செய்து கொடு, யாரிடமும் சொல்லாதே" என்று பூட்டுக்காரரிடம் சொல்கிறார்கள். அவர் ஒரு கருவி செய்கிறார். பக்கத்து வீட்டிலும் அதே பூட்டுதான். பிறகு விஷயம் கசிந்தால் அடுத்த முறை அவரைக் கூப்பிடுவோமா?

நோட்டீஸ் யாருக்கு வரும் என்பதும் குழப்பமாகவே இருந்தது. சட்டத்தின் வரையறையில் மென்பொருளை உருவாக்கும் நபரும் அடக்கம். அப்படியானால் மேலாளருக்குத் தெரியாமல் ஒரு ஊழியரிடமே நேராக வருவார்களா? அது நோக்கம் இல்லை என்றது அரசு. ஆனாலும் 2020இல், தேசப் பாதுகாப்புச் சட்டங்களைக் கண்காணிக்கும் சுதந்திர அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் ரென்விக், தனியாகத் தொழில் செய்பவருக்கு மட்டுமே இது பொருந்தும் என்று சட்டத்தைத் திருத்தித் தெளிவாக்கப் பரிந்துரைத்தார். எழுத்தில் தெளிவு இருந்திருந்தால் இந்தப் பரிந்துரைக்கே வேலை இருந்திருக்காது. வீட்டிலிருந்தே சொந்தமாக ஆப் எழுதி விற்கும் பையன் அப்போதும் இந்தச் சட்டத்துக்குள்தான்.

2019 ஜூன் வரைக்குமான முதல் ஆண்டறிக்கையில் இருந்தவை 7 வேண்டுகோள்கள் மட்டுமே. கட்டாய நோட்டீஸ் ஒன்றுகூட இல்லை. பிறகு எதற்குப் பயம் என்று கேட்கலாம். நோட்டீஸ் வராமலே தொழில் அடிபட்டது. மெல்போர்னில் இருக்கும் ஃபாஸ்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிறுவனம், இந்தச் சட்டத்தைக் காரணம் காட்டி வாடிக்கையாளர்கள் விலகுவதாக நாடாளுமன்றக் குழுவிடம் எழுதிக் கொடுத்தது. தங்கள் தகவல்களை ஆஸ்திரேலியாவில் வைக்கப் பிற நாட்டவர்கள் தயங்குவதாக மைக்ரோசாஃப்டின் பிராட் ஸ்மித் 2019 மார்ச்சில் கான்பெராவில் பேசினார். வாடிக்கையாளர் போனால், பாதுகாப்பு மென்பொருள் எழுதும் வேலையும் அங்கே குறையும் என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது அலுவலகத்துக்குள் வருவோம். நாங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் வேறொருவர் படித்துப் பார்த்த பிறகுதான் சேர்ப்போம். "இந்த வரி எதற்கு?" என்று கேட்பது அவர் கடமை. ரகசிய உத்தரவின்படி எழுதியவர் அவருக்கு என்ன பதில் சொல்வார்? குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்குத் தெரியாது என்ற நிலை வரும்.

இது கற்பனை இல்லை. அமெரிக்க அரசின் ரகசிய உத்தரவுக்காக 2015இல் யாகூ, எல்லோருக்கும் வரும் மின்னஞ்சல்களையும் சலித்துத் தேடும் நிரலை எழுதியதாக 2016 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. எழுதியது மின்னஞ்சல் பிரிவுப் பொறியாளர்கள். யாகூவின் சொந்தப் பாதுகாப்புக் குழுவுக்கே சொல்லவில்லை. சில வாரங்களில் அந்தக் குழு அதைக் கண்டுபிடித்து, ஹேக்கர்கள் புகுந்துவிட்டார்கள் என்று பதறியதாம். பாதுகாப்புத் தலைவர் அலெக்ஸ் ஸ்டாமோஸ் வேலையை விட்டுவிட்டு ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டார். அந்தச் செய்தி தவறான எண்ணத்தைத் தருவதாக யாகூ சொன்னது.

ஸ்டாமோசுக்கு அடுத்த வேலை காத்திருந்தது. கம்பெனி ஸ்பான்சர் செய்த விசாவில் சிட்னி போயிருக்கும் நம் பெண்ணுக்கோ பையனுக்கோ அந்த வசதி கிடையாது. வேலையை விட்டால் புது ஸ்பான்சர் தேட ஒரே தடவையில் 180 நாள்தான் அவகாசம். அதுவும் 2024 ஜூலைக்குப் பிறகு வந்த சலுகை, அதற்கு முன் 60 நாள்தான். வீட்டுக் கடன், குழந்தையின் பள்ளி எல்லாம் இருக்கும்போது மனசாட்சிக்காக ராஜினாமா என்பது சொல்ல மட்டும் சுலபம்.

சொந்தமாகத் தொழில் நடத்தியவர் கதை இன்னும் கடினம். லாடார் லெவிசன் என்ற அமெரிக்கர் 2004இல் லாவாபிட் என்ற மின்னஞ்சல் சேவையைத் தொடங்கினார். 2013இல் ஒரே ஒரு பயனரைத் தேடி வந்த எஃப்பிஐ, மொத்தத் தளத்தின் சாவியையும் கேட்டது. அவர் அதை நுணுக்கி நுணுக்கி 11 பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தார். கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்து! நீதிமன்றம் ரசிக்கவில்லை, முறையாகத் தரும்வரை நாளுக்கு 5,000 டாலர் அபராதம் என்றது. சாவியைக் கொடுத்துவிட்டு, ஆகஸ்ட் 8 அன்று சேவையையே மூடினார். ஏன் மூடினேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லவும் அப்போது தடை.

நம் நாட்டில்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, குறியாக்கத்தைத் திறக்க உத்தரவு வந்தால் அந்தக் கணினிக்குப் பொறுப்பானவர் உதவியாக வேண்டும். மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது பற்றிய வழக்கு 2019இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் சூடாக நடந்தது. அதற்கு வழி உண்டு என்று ஐஐடி பேராசிரியர் காமகோடி கருத்து கொடுத்தார். 2021 விதிகளில் அது கட்டாயமாக வந்தது. பெரிய தளங்கள் இந்தியாவில் வசிக்கும் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும், தவறினால் வழக்கு அவர் மீதும் வரும் என்பதும் அதே விதிகளில்தான். வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் சொன்னார்.

நான் போலீசுக்கு எதிராகப் பேசவில்லை. மோசடியில் பணம் இழந்தவர்கள் இந்த ஹாலிலேயே இருக்கிறீர்கள். பணம் போன வங்கிக் கணக்கு, சிம் வாங்கியவரின் விவரம், பிடிபட்டவரின் போன் இவற்றை வைத்து விசாரிக்கக் குறியாக்கத்தை உடைக்க வேண்டியதில்லை. அதை முதலில் ஒழுங்காகச் செய்யட்டும் என்பது என் கருத்து. உங்களில் சிலர் ஏற்க மாட்டீர்கள், தெரியும்.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். சேரும் முன்பே, அரசு உத்தரவு வந்தால் அதைக் கையாளும் சட்டப் பிரிவு கம்பெனியில் இருக்கிறதா என்று கேட்கட்டும். தனியாகத் தொழில் செய்பவராக இருந்தால், சட்ட ஆலோசனை பெறுவதற்காக நோட்டீஸ் பற்றிச் சொல்ல ஆஸ்திரேலியச் சட்டமே அனுமதிக்கிறது. வக்கீலிடம் பேசலாம். அப்பா அம்மாவிடம் பேச முடியாது. "ஆபீஸ் விஷயம், சொல்ல முடியாது" என்று பிள்ளை சொன்னால் துருவாதீர்கள்.

டீ ஆறுவதற்குள் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.